கர்மஜன் பட்டம் பெற்ற விவரம்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களின் சமூகத்துக்குத் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உங்கள் தம்பி மனைவி, மகள் மூவரும் உடல்நலத்துடன் இருக்கிறோம். மனநலத்தைப் பற்றித்தான் இக்கடிதம். அவ்விடம் உங்கள் முழங்காலும் அத்தானின் காதும் எப்படி இருக்கின்றன என்று மறக்காமல் எழுதவும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் வரியில் நலம் விசாரித்துவிட்டு, இரண்டாம் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் என்னைத் திட்டியிருக்கிறீர்கள். மகளின் கல்யாணத்தை நான் நிறுத்தப் பார்த்ததாக உங்களுக்கு மூன்று விதமாகச் செய்தி வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஏதோ கேட்டார்கள் என்று ஒருத்தர், நான் சம்பந்தியைக் கைநீட்டி அடித்தேன் என்று ஒருத்தர், மகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று இன்னொருத்தர். மூன்றும் பொய். நடந்தது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் நம் வார்த்தை இல்லை, இங்கிலீஷ் வார்த்தை. ஆதியோடு அந்தமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நிச்சயம் பேசி முடித்த அன்று இரண்டு குடும்பமும் ஒரு ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். எங்களை ஏசிக்கு நேர் கீழே உட்கார வைத்தார்கள், நான் மேஜையை மாற்றச் சொன்னேன். மாற்றிய மேஜை சமையலறைக் கதவை ஒட்டி இருந்தது, ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் உங்கள் தம்பி மனைவியின் நாற்காலியில் இடித்தது, மறுபடியும் மாற்றச் சொன்னேன். சூப் ஆறிப்போய் வந்தது, திருப்பி அனுப்பினேன். கை கழுவப் போன இடத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, மேனேஜரைக் கூப்பிட்டு அது வாஷர் தேய்மானம் என்றும் ஒரு நாளைக்கு எத்தனை பேர் குளிக்கிற தண்ணீர் அதில் போகிறது என்றும் விளக்கினேன். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னேன். உங்களுக்குத்தான் தெரியுமே, வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறுகிற வரைக்கும் நான் குடிநீர் வாரியத்தில் கசிவுப் பிரிவில் இருந்தவன். இரும்புக் கம்பியை ரோட்டில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்கு அடியில் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று கேட்கிற வேலை. 'தரைக்குக் கீழ இருக்கிற குத்தமே கேட்கிற காதுக்கு, தரைக்கு மேல இருக்கிறது கேட்காம இருக்குமா' என்று உங்கள் தம்பி மனைவி அடிக்கடி சொல்வாள். பாராட்டாகத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் சம்பந்தி டம்ளரைக் கரண்டியால் தட்டிவிட்டு எழுந்து இங்கிலீஷில் பேசினார். அவர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிக்கூண்டில் நின்று அழுகிறவன் சொல்வதைக்கூட இலக்கணம் தவறாமல் ஜட்ஜுக்குச் சொல்லிப் பழக்கப்பட்டவர். எனக்கு இங்கிலீஷ் வேலைக்கு வேண்டிய அளவு தெரியும்: வால்வு, பிரஷர், கேஸ்கட், ஷட்டவுன். அவர் பேச்சில் இவை எதுவும் வரவில்லை. கடைசியில் என் பக்கம் கையை நீட்டி, 'கர்மஜன்' என்று ஒரு சொல்லைச் சொன்னார். மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். நம் மகள் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது, ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். நான் எழுந்து கைகூப்பி, "எல்லாம் உங்க பெருந்தன்மை. நான் அந்த அளவுக்கு இன்னும் வரல. முயற்சி பண்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள்.

மறுநாள் மகள் அலுவலக வேலையாக வெளியூர் போய்விட்டாள். அர்த்தம் கேட்க ஆள் இல்லை. தெருமுனை மருந்துக்கடைக்காரர் படித்தவர் ஆயிற்றே என்று அவரிடம் கேட்டேன். "கர்மஜன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றேன். "சிரப்பா, மாத்திரையா?" என்றார். "அது மனுஷனைச் சொல்றது" என்றேன். "பெரியவங்களுக்குன்னா மாத்திரையாத்தான் வரும். சீட்டு இருக்கா?" என்றார். சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டாராம்.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர் இருக்கிறார். அவருக்கு எல்லாரும் வைத்திருக்கும் பெயர் வேர்ச்சொல். உலகத்தில் எந்த வார்த்தையைச் சொன்னாலும் அதன் வேர் நம்மிடம் இருக்கிறது என்பார். டாக்டர் என்பது 'தாக்கு' என்பதிலிருந்து வந்ததாம், நோயைத் தாக்குகிறவர். சோபா என்பது 'சோம்பல்' தேய்ந்து வந்ததாம். அவர் வீட்டில் அகராதி கிடையாது. "அகராதி பாக்கிறவன் இலையை எண்ணுவான், வேரைப் பாக்க மாட்டான்" என்பார். நான் வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டார்.

"கர்மம்னா கடமை. 'ஜன்'னா பிறந்தவன், ஜனனம்ங்கிற மாதிரி. கடமைக்குள்ளேயே பொறந்தவன்னு அர்த்தம். நம்ம சொல்லுதான். கப்பல்ல போயிருக்கு, தொப்பி போட்டுக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு."

அக்கா, எனக்கு ஓய்வு பெறும்போது ஒரு சுவர்க்கடிகாரமும் ஒரு பொன்னாடையும்தான் கொடுத்தார்கள், பட்டம் ஏதும் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையிடம் போனில் அந்த வார்த்தைக்கு எழுத்துக் கேட்டேன். "எதுக்கு மாமா?" என்றார். "சும்மாதான்" என்றேன். எழுத்து எழுத்தாகச் சொன்னார். நல்ல பையன், கேட்டதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். பெயிண்டரைக் கூப்பிட்டு வாசல் பலகையில் என் பெயருக்குக் கீழே 'கசிவு ஆய்வாளர் (ஓய்வு)' என்று இருந்ததற்கும் கீழே 'கர்மஜன்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத வைத்தேன். தங்க நிறம். உங்கள் தம்பி மனைவி கையில் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, "உங்க பேரே போதாதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பலகை காய்ந்த அன்றே மேல்மாடியில் குடியிருக்கும் நர்ஸ் அதன் முன்னால் நின்றுவிட்டாள். "அங்கிள், இதை யார் எழுதினது?" என்றாள். பெயிண்டர் என்றேன். "இல்ல, யாரு சொல்லி எழுதினாங்க?" என்றாள். "சம்பந்தி குடுத்த பட்டம்மா" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "எனக்கு எங்க ஹெட் நர்ஸ் ஞாபகம் வருது. அர்த்தம் நீங்களே பாத்துக்குங்க அங்கிள், எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்று படியிறங்கிப் போனாள். கீழ்த்தளம் போய்ச் சேர்கிற வரைக்கும் அவள் சிரிப்பது எனக்குக் கேட்டது. காது விஷயத்தில் நான் ஏமாற மாட்டேன்.

நேராக நூலகத்துக்குப் போனேன். அட்டை கழன்ற ஒரு தடித்த பழைய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை சொன்ன எழுத்தை வரிசையாக விரல் வைத்துத் தேடினேன். கிடைத்தது. 'கருமி, கஞ்சன், பிறர்க்கு ஈயாத இழிந்தோன்.' கடைசி வார்த்தையைக் கொஞ்சம் உரக்க வாசித்துவிட்டேன் போலிருக்கிறது. நூலகர் நிமிர்ந்து, "சத்தமா வாசிக்காதீங்க சார்" என்றார். "என்னைப் பத்தித்தான் போட்டிருக்கு" என்றேன். அவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

யோசித்துப் பாருங்கள். பெண்ணைக் கொடுக்கிற வீட்டுக்காரனை, நடு ஓட்டலில், எல்லாருக்கும் முன்னால் கருமி என்று சொல்லியிருக்கிறார், நான் கைகூப்பி முயற்சி பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கைதட்டல் வேறு. வீட்டுக்கு வந்தேன், பலகையைத் திருகாணியோடு கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், சம்பந்திக்குப் போன் போட்டேன். "நீங்க பெரியவங்க. எங்க வீட்டுல யாருக்கும் குடுக்கிற கை கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுல பொண்ணு எடுக்க வேணாம். இதோட நிறுத்திக்குவோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. போன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் உங்கள் தம்பி மனைவி என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மகள் அன்றைக்குச் சாயங்காலமே ஊரிலிருந்து வந்துவிட்டாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, போன்ல என்ன சொன்னீங்க?"

"இது சரிப்பட்டு வராதுன்னு சொன்னேன்."

"ஏன்?"

காரணத்தைச் சொன்னேன். பலகையையும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பெட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் எதையோ தேடி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அது பழைய அர்த்தம்ப்பா. ரொம்பப் பழசு. இப்ப யாரும் அந்த அர்த்தத்துல சொல்றதில்ல. இப்ப அதுக்கு அர்த்தம் சிடுமூஞ்சி. எதுக்கெடுத்தாலும் குறை சொல்ற வயசானவர். பாசமாத்தான் சொல்வாங்க."

"ஒரு வார்த்தை எப்படி அர்த்தம் மாறும்? என்ன வாடகை வீடா, காலி பண்ணிட்டுப் போறதுக்கு?"

"நாத்தம்னா ஒரு காலத்துல வாசனைன்னு அர்த்தம். இப்ப யாருகிட்டயாவது போய் உங்க மேல நாத்தம் வருதுன்னு சொல்லிப் பாருங்க."

அவள் குரல் இறங்கிவிட்டது. "நீங்க ஒரு வார்த்தையைப் பாத்துக் கோபப்பட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா. அந்த வீட்டையும் பிடிச்சிருக்கு. நான் ஊர்ல இல்லாத நேரத்துல, என் கல்யாணத்தை நீங்க போன்ல நிறுத்துறீங்க." அழவில்லை அக்கா. அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து அவள் கோபத்தில் கதவை அறைவதுதான் எனக்குப் பழக்கம். இந்தச் சத்தமில்லாத கதவு என்னை என்னவோ செய்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். உங்கள் தம்பி மனைவி குழம்பில் உப்புப் போட மறந்திருந்தாள், அதைக்கூட நான் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிடுமூஞ்சி என்ற பட்டத்தைப் பொய்யாக்கிவிட்டு அப்புறம் சம்பந்தி வீட்டுக்குப் போகலாம் என்று முடிவு செய்து, மறுநாள் காலையிலிருந்து சிரிக்க ஆரம்பித்தேன். பேப்பர் போடுகிறவர் பயந்துபோய், நேற்றைய பேப்பரைத் தெரியாமல் போட்டுவிட்டேனா சார் என்று தானே பிரித்துப் பார்த்தார். உங்கள் தம்பி மனைவி என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள், வாயின் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கேட்டாள். குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பார்த்துச் சிரித்தேன், நான் அவர் பதவிக்குப் போட்டியிடப் போவதாகச் சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. படியில் மேல்மாடி நர்ஸ் வந்தாள், சிரித்தேன், அவள் தன் மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று சொன்னாள், எனக்கோ சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. பழக்கமில்லாத தசை. அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை.

எனவே சிரிப்பை விட்டுவிட்டு, அடுத்த நாள் குடையை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி சம்பந்தி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மன்னிப்பு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சம்பந்தி கூடத்தின் நடுவில் நின்று பிளம்பரை வாட்டிக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு ஈரம். "பைப்பு இந்தச் சுவத்துலயே போகல சார்" என்கிறார் பிளம்பர். "பைப்பு இல்லாம தண்ணி எங்கேருந்து வரும், சுவரு வேர்க்குதா?" என்கிறார் சம்பந்தி. என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் எப்படியோ ஆயிற்று. பிறகு, "நல்ல நேரத்துல வந்தீங்க சம்பந்தி, இந்த ஆளுக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

அப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன். குடையின் முனையைச் சுவரில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தேன். மெல்லிய இரைச்சல், நிற்காமல், சீராக. "இருக்கு" என்றேன். "இருக்கா?" என்றார் சம்பந்தி. "உள்பக்கம் லைன் போகுது. இணைப்புல விட்டிருக்கு" என்றேன். பிளம்பர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "கேட்டுக்குங்க, நான் வேணாம்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு உளியை எடுத்தார். நான் அவர் உளி பிடிக்கிற கோணம் தவறு என்றேன். சம்பந்தி அவர் பூச்சை வீணாக்குகிறார் என்றார். நான் தூசிக்குத் துணி விரிக்கவில்லை என்றேன். சம்பந்தி இந்தக் காலத்தில் எவனுக்கும் வேலையில் அக்கறை இல்லை என்றார். அக்கா, பல வருஷங்களாக நான் இவ்வளவு நிம்மதியாகப் பேசியதில்லை. ஒருத்தர் விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தர் எடுத்தோம்.

சுவரில் ஒரு ஜன்னல் அளவுக்கு ஓட்டை விழுந்தது. குழாய் இல்லை. செங்கல்தான் இருந்தது.

சத்தம் கேட்டு சம்பந்தியம்மா உள்ளேயிருந்து வந்தார். ஓட்டையைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். "இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் பால்கனி. அங்க என் பூந்தொட்டி வரிசையா இருக்கு. தினம் தண்ணி ஊத்துறேன். தொட்டியைத் தள்ளி வெச்சா ஈரம் போயிடும். யாராவது ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?" என்றார். அப்படியானால் நான் கேட்ட இரைச்சல் என்ன என்றேன். "பிரிட்ஜ்" என்றார்.

மூன்று நாளில் இரண்டு பெண்கள் என்னிடம் இதையே கேட்டுவிட்டார்கள். பிளம்பர் கூலியை வாங்கிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வணக்கத்தை நான் மறக்க மாட்டேன்.

சுண்ணாம்புத் தூசி மேலே படிந்தபடி நாங்கள் இருவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒரு கர்மஜனையே இத்தனை வருஷமா என்னால தாங்க முடியல. இப்ப ரெண்டு" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். சம்பந்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது என் பேருதான். கோர்ட்டுல எனக்கு வெச்ச பேரு. அன்னைக்கு உங்களைப் பாத்ததும், நமக்கு ஒரு ஜோடி கிடைச்சாச்சுன்னு சந்தோஷத்துல சொல்லிட்டேன். நீங்க ஏன் போனை வெச்சீங்கன்னு எனக்கு மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும்." அவர் தன் மகனையே மாப்பிள்ளை என்று சொன்னார், கவனித்தீர்களா, நம் பக்கத்திலிருந்து பேசுகிறார்.

நான் பஸ்ஸில் சொல்லிப் பார்த்த மன்னிப்பு வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினேன், பாதியில் மறந்துவிட்டது. அவர் கையை ஆட்டி நிறுத்தினார். "ஓட்டல்ல நீங்க சொன்ன குறையெல்லாம் நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஏசி காத்து என் வீட்டுக்காரம்மா கழுத்துல அடிச்சுது, மேஜையை மாத்துனீங்க. கதவு உங்க வீட்டம்மா மேல இடிச்சுது, மறுபடி மாத்துனீங்க. ஆறிப்போன சூப் என்னோடது. உங்களுக்குன்னு நீங்க ஒண்ணுமே கேட்கல. நானெல்லாம் எனக்காகக் கத்துறவன். நீங்க ஊருக்காகக் கத்துறவர்" என்றார். அக்கா, எனக்கே அது தெரியாது. டீ ஆறியிருந்தது, குடித்துவிட்டேன்.

அந்த வார்த்தையின் பூர்வீகத்தையும் அவர் சொன்னார். அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாதாம். இருநூறு வருஷத்துக்கும் முன்னால் இங்கிலீஷில் பெரிய அகராதி செய்த ஒருத்தருக்கு யாரோ ஒருவர், அது பிரெஞ்சில் 'கெட்ட மனசு' என்று பொருள்படும் இரண்டு வார்த்தை திரிந்து வந்தது என்று எழுதிப் போட்டாராம். அவரும் அந்த இரண்டு பிரெஞ்சு வார்த்தையைப் போட்டு, பக்கத்தில் 'முகந்தெரியாத கடிதக்காரர்' சொன்னது என்று நேர்மையாகக் குறித்து வைத்தாராம். பின்னால் வேறொருத்தர் அதைப் பார்த்துத் தன் அகராதியில் எழுதும்போது, முதல் பிரெஞ்சு வார்த்தைக்கு அர்த்தம் 'முகந்தெரியாத', இரண்டாவதுக்கு அர்த்தம் 'கடிதக்காரர்' என்று போட்டு அச்சடித்தும் விட்டாராம். அகராதி எழுதினவரே இப்படி வழுக்கி விழுந்த இடத்தில், கசிவுப் பிரிவுக்காரன் விழுந்தது பெரிய குற்றமா என்று நான் கேட்டேன். இருவரும் சிரித்தோம். சம்பந்தியம்மா உள்ளிருந்து, சிரிக்கிறவங்க அந்தச் செங்கல்லை வாரிப் போட்டுட்டுச் சிரிங்க என்றார்.

வீட்டுக்கு வந்து மகளின் கதவைத் தட்டி, கல்யாணம் குறித்த தேதியிலேயே நடக்கும் என்று சொன்னேன். என் சட்டைத் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு, "அங்க என்னப்பா இடிச்சீங்க?" என்றாள். அவளிடம் எல்லாம் சொன்னேன். வேர்ச்சொல்லிடமும், அந்த வார்த்தையின் வேர் யாருக்கும் தெரியாதாமே என்று சொன்னேன். "தெரியாதவங்களுக்குத் தெரியாது" என்றார்.

ஆகவே அக்கா, நீங்கள் கேள்விப்பட்ட மூன்று கதையையும் மறந்துவிட்டு, கவலையில்லாமல் டிக்கெட் எடுத்து, ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடவும். இனி ஒரு வார்த்தைக்காக நான் கோபப்பட மாட்டேன் என்று மகள் தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன். அர்த்தம் தெரியாத வார்த்தையை யாரிடமும் சொல்லவும் மாட்டேன், எங்கும் எழுதவும் மாட்டேன். அத்தானுக்கு என் வணக்கத்தை நல்ல காதின் பக்கமாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட வேண்டுதல்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் சம்பந்தி வந்தார். நீங்கள் என்னைத் திட்டி எழுதிய கடிதத்தை அவருக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல் கேட்டுவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "உங்க அக்கா ஒரு டெர்மகண்ட்" என்றார். உங்கள் சார்பில் நன்றி சொல்லிவிட்டேன். வேர்ச்சொல் அது 'தர்மம் கண்டவர்' என்பதன் திரிபு என்கிறார். ஒரு தடவை தவறினவர் அடுத்தடுத்துத் தவற மாட்டார் என்ற நம்பிக்கையில், கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அதைச் சேர்க்கச் சொல்லி அச்சகத்துக்குப் போன் செய்துவிட்டேன், அடித்தும் முடித்துவிட்டார்கள். நம் மகள் கைப்பேசியில் அர்த்தம் பார்த்தாள். பார்த்தவள், "ஐயோ, அத்தை வாய்க்கு ஏத்த வார்த்தைதான்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், இன்னும் வெளியே வரவில்லை, உள்ளே என்ன சத்தம் என்று குடையை வைத்துக் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் ஊர் நூலகத்தில் புதிய அகராதி இருந்தால் தயவுசெய்து ஒருமுறை பார்க்கவும். அதுவரை டிக்கெட் எடுக்க வேண்டாம். அர்த்தம் ஏடாகூடமாக இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், கல்யாணத்தை உடனே நிறுத்திவிடுகிறேன்.